வலப்பக்கம்

புதிதாக வாங்கினால்
எண்ணூற்று நாற்பது யூரோ.
ரீகாவில் டிராம் ஓட்டுகிறவளுக்கு
அது அரைச் சம்பளத்துக்கும் மேல்.
கடைப் பையன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
முன்பக்க வலையைக் கழற்றிக் காட்டினான்,
தொட்டில் குழந்தையின் முகத்துணியை விலக்குவதுபோல.
யாரோ பியானோ வாசித்தார்கள்.
ஒவ்வொரு சுரமும் குளித்துத் தலைவாரி வந்தது.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் குறை
என்று எனக்கே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன்.
உண்மையில் பணம்தான்.

நானே செய்கிறேன் என்றேன்.
டிப்போவில் பிரேக் பார்க்கும் ஆர்வில்ஸ் சிரித்தான்.
"பலகை மலிவு. பசை மலிவு.
பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் யார் விலை போடுவது?"
அவன் செய்யத் தொடங்கிய ஜோடி
ஒன்பது வருஷமாக அவன் பால்கனியில்
தக்காளி நாற்றுத் தட்டைத் தாங்கி நிற்கிறது.

ஆக, பழையது.

போல்டராயாவில் நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்த ரைட்டிஸின் கால்களில்
ஒரு செருப்பு நீலம், ஒன்று பழுப்பு.
கூடத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர்.
இன்னொன்று எங்கே?
"ஜெல்காவாவுக்குப் போய்விட்டது,
டானாவோடு."
எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம்.
கரண்டி ஆறு, ஆறு.
நாற்காலி இரண்டு, இரண்டு.
நாய் அதற்கு முன்பே செத்துவிட்டது, நல்லவேளை.

உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்க வாயெடுத்து
குனிந்துவிட்டேன்.
இந்த வயது ஸ்பீக்கருக்கு
வூஃபர் விளிம்பின் நுரை பொடிந்து உதிர்ந்திருக்க வேண்டும்.
உதிரவில்லை. யாரோ புதிது ஒட்டியிருந்தார்கள்,
மயிரிழை பிசகாமல்.
"டானா ஒட்டியது" என்றான், கேட்காமலே.
பின்பக்கம் பென்சிலில், சாய்ந்த எழுத்தில்: இடது.
ஒரு நடுவயதுக் குரலைப் போட்டுக் காட்டினான்.
பாடுகிறவன் எச்சில் விழுங்கியது கேட்டது.

முப்பத்தைந்து என்றான், இருபதுக்கு முடிந்தது.
இருவருமாகத் தூக்கி இறங்கினோம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
"கொஞ்சம் வையுங்கள்" என்று
ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு வாங்கினான், வெகுநேரம்.
இருபத்துமூன்று கிலோ. கனம்தான் காரணமாக இருக்கும்.

வலதை நான் செய்கிறேன்.
பிர்ச் ப்ளைவுட், பதினெட்டு மில்லிமீட்டர்.
உள்ளளவு இடதின் உள்ளளவே,
அரிசி கொட்டி நிரப்பி அளந்தேன்,
துடைப்பத்தில் இன்னும் நாலைந்து மணி வருகிறது.
மூலை ஒன்று சேரவில்லை. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன்,
எது என்று சொல்ல மாட்டேன்.
கூம்பும் காந்தமும் ஏப்ரல் சம்பளத்தில்.
அதுவரை பெட்டிக்குள் பூனை,
வட்டத் துளை வழியே வால் மட்டும் வெளியே.

இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது என்கிறான் ஆர்வில்ஸ்.
தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோரஸ் பாடிய பதிவைப் போட்டேன்.
பதிவு செய்தவர் கறார்ப் பேர்வழி:
சொப்ரானோவும் ஆண்களும் இடப்பக்கம்,
ஆல்ட்டோக்கள் எல்லோரும் வலப்பக்கம்.
பதினோரு வருஷமாக நான் ஆல்ட்டோ.

பாட்டு வந்தது, நாங்கள் இல்லாமல்.
நாங்கள் நுழைய வேண்டிய இடத்தில்
மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.
அங்கே ஒன்றுமில்லை. பனி வாரும் வண்டி
தெருவில் போனது.

நாற்காலியை இழுத்து
காலிப் பெட்டியின் பக்கத்தில் போட்டு
என் பங்கைப் பாடினேன்.
பூனை தலையை நீட்டிப் பார்த்தது.
பக்கத்து வீட்டு ஸ்கைத்ரீதே சுவரைத் தட்டினாள்,
இரண்டு முறை.
வழக்கமாக மூன்று.
காத்திருந்தேன்.

பிறகு இடதின் சத்தத்தை
ஒரு புள்ளி கூட்டினேன்,
நான் அதற்கு ஈடுகொடுக்க.